ரிமோட்டுக்குச் சந்தனம் வைத்தவன்

காலை பத்தே முக்கால் வரை எல்லாம் சரியாகத்தான் நடந்துகொண்டிருந்தது. பத்தே முக்காலுக்கு நான் ரிமோட்டைக் கையில் வாங்கினேன். (அதற்குப் பிறகு மணி பார்க்கிற நிலையில் நான் இல்லை.)

நான் பயந்த சுபாவம். அதிலும் பெண்ணைப் பெற்ற பிறகு பயப்படுவதையே முழுநேர வேலையாகச் செய்துவருகிறேன். என் மகள் வள்ளி இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். பஸ் ஏறினாள் என்றால் கோவில்பட்டி தாண்டியாச்சா, மதுரை வந்தாச்சா என்று போன் போட்டுக்கொண்டே இருப்பேன். விடிந்து ஊர் போய்ச் சேர்ந்ததும் அவள் ஒரே ஒரு பதில் சொல்லுவாள். எட்டு வயதில் புன்னக்காயல் படகுத்துறையில் சொன்ன அதே பதில்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. என் மச்சினன் சண்முகம் அப்போது வளைகுடாவில் ஒரு படகுப் பட்டறையில் மெக்கானிக். விடுமுறைக்கு வருகிறவர்கள் டேப் ரெக்கார்டரும் சென்ட் பாட்டிலும் கொண்டுவருவார்கள். இவன் படகில் மாட்டுகிற பேட்டரி மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்தான். அதை இயக்க, வயர் இல்லாத ஒரு ரிமோட். ஓடு, நில், இடது, வலது என்று நாலே பொத்தான்.

"அங்கன முதலாளிமாரு கரையில நின்னுக்கிட்டே படக இழுத்து நிறுத்துவாங்க அத்தான். கயிறு எறியக்கூட வேண்டாம்" என்றான்.

புன்னக்காயலில் தெரிந்தவர் ஒருவரின் சின்ன பைபர் படகில் அதை மாட்டி, ஆறு கடலில் சேரும் இடத்தைச் சுற்றிக் காட்டும் தொழில் தொடங்குவது அவன் திட்டம். வெள்ளோட்டத்துக்கு எங்களைக் குடும்பத்தோடு கூப்பிட்டிருந்தான்.

புது சாமான் எது வந்தாலும் பொட்டு வைக்காமல் எங்கள் வீட்டில் தொட மாட்டோம். மிக்சிக்கு வைத்தோம், டி.வி.க்கு வைத்தோம். அன்று காலை கிளம்பும்போது ரிமோட்டுக்கும் வைத்தேன். ஒரு ஓரத்தில் ஒரு பொட்டு போதும். ஆனால் என் மனைவியும் பிள்ளையும் போகப்போகிற படகு. ஒரு பொத்தானுக்கு வைத்துவிட்டு இன்னொன்றை விட மனசு வரவில்லை. நாலுக்கும் தாராளமாகச் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். (நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். வானொலி அலைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவன். அதையும் சொல்லிவிடுகிறேன்.) பஸ்ஸில் ஜன்னலோரம் வெயிலில் வந்ததில் சந்தனம் சிமெண்டுப் பூச்சு மாதிரி இறுகிவிட்டது.

துறையில் சண்முகம் ஓடு பொத்தானை ஓங்கி ஒரு அமுக்கு அமுக்கினான். என் மனைவி கோமதியையும் வள்ளியையும் ஏற்றிக்கொண்டு படகு அழகாக வெளியே போனது. திருப்பிக் கொண்டுவந்து துறையில் நிறுத்த வேண்டியதுதான் பாக்கி. நான் ரிமோட்டைப் பிடுங்கினேன்.

"அதுக்குக் கைப்பழக்கம் வேணும் அத்தான்."

"பொம்பளப் பிள்ளையக் கரை சேக்கது அப்பன் வேல மாப்ளே. நான் பாத்துக்கிடுதேன்." (இப்படித்தான் சொன்னேன். இன்றைக்கும் நினைத்தால் காது சுடுகிறது.)

இடது பொத்தானை அமுக்கினேன். உள்ளே போனது. வெளியே வரவில்லை.

படகு பணிவாகத் திரும்பி எங்களுக்கு முகம் காட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் முதுகைக் காட்டியது. மறுபடி முகம். வள்ளி ஒவ்வொரு சுற்றுக்கும் எனக்கு டாட்டா காட்டினாள்.

துறையில் வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு பேர் தலையைத் தூக்கினார்கள்.

"ஏலே, அங்கன பாரு. தெப்பம் சுத்துது."

"எந்தக் கோயில் தெப்பம்வே?"

"கையில சந்தனத்தோட நிக்காருல்லா பூசாரி, அவருட்ட கேளு."

நில் பொத்தானைத் தேடினேன். நாலும் ஒரே குங்குமம். நகத்தால் சுரண்டினேன், நாலையும் மாறி மாறி அமுக்கினேன்.

"ஒண்ணு அமுங்கிக் கெடந்தா இன்னொண்ணு எடுக்காது அத்தான். இங்கன குடுங்க."

கொடுக்கவில்லை. பிள்ளையின் உயிர் என் கையில் இருக்கும்போது அதை எப்படி இன்னொருத்தன் கையில் கொடுப்பது? இதற்குள் கடல் உள்வாங்குகிற வற்றுத் தண்ணீர் இழுக்க, சுற்றுக்குச் சுற்று படகு கொஞ்சம் கொஞ்சமாய்க் கடல் பக்கம் நகர்ந்தது. தூரத்தில் முகத்துவாரத்து வெள்ளை அலை தெரிந்தது. வள்ளியைக் கொழும்பில் எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள் என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன்.

"பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்று கத்தினேன்.

"நீங்க எதுக்கு அழுவுதிய?" என்று படகிலிருந்து கோமதி கேட்டாள்.

அடுத்த திருப்பத்தில் படகு ஒரு சாய் சாய்ந்தது. புளியோதரை இருந்த தூக்குவாளி தண்ணீரில் விழுந்தது. கோமதி எழுந்தாள். அதன் பின்னாலேயே இறங்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அவள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வாளியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆழம் இல்லன்னு அப்பவே சொன்னேன் அத்தான். நீங்க வச்ச கூப்பாட்டுல ஒங்களுக்குக் கேக்கல" என்றான் சண்முகம், பேண்டை மடித்துவிட்டுக்கொண்டே. "ஆனா இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா ஆழந்தான்."

அவன் இறங்குவதற்குள் படகு ஒரு சுற்று முடித்துக் கோமதி பக்கமே வந்தது. அவள் முன்பக்கத்துக் கயிற்றை எட்டிப் பிடித்தாள்.

"ஏட்டி வள்ளி, அந்தப் பேட்டரி வயரப் புடுங்கு."

வள்ளி புடுங்கினாள். மோட்டார் நின்றது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கையில் கயிறும் மறு கையில் தூக்குவாளியுமாகக் கோமதி நடந்தே வந்தாள். பின்னால் படகில் என் மகள் சாமி மாதிரி உட்கார்ந்து வந்தாள். வலை பின்னியவர்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கோமதி கரையேறித் தூக்குவாளியை என் முன்னால் வைத்தாள். "மூடி இறுக்கமா இருந்துது. தண்ணி போவல" என்றாள். அன்று முழுக்க அவள் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

வள்ளி குதித்து இறங்கி என்னிடம் வந்தாள். என் கட்டைவிரல் சந்தனமும் குங்குமமுமாக இன்னும் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தது. அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பைய என் கையைத் தொட்டாள்.

"யப்பா, அதக் கீழ வைங்க. வந்து சேந்தாச்சு."