எடை மேடைக்கு வைஃபை வைத்த மாப்பிள்ளை

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை. மற்றவர்கள் சொன்னபோது மறுக்காமல் இருந்திருக்கிறேன், அவ்வளவுதான். இரண்டும் ஒரே குற்றம்தான் என்று எனக்குப் புரிந்தது புத்தலப்பட்டில், ஒரு திங்கட்கிழமை காலையில், இருபது டிராக்டர் மாங்காய்க்கு முன்னால்.

அப்போது நான் ஶ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் 'சிஸ்டம்ஸ்' பிரிவில் இருந்தேன். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவுவது, மானிட்டர்களின் முதுகில் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுவது, யாராவது கூப்பிட்டால் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று சொல்வது. இதற்குக் கழுத்தில் ஒரு அடையாள அட்டை வேறு. (குளிக்கும்போது மட்டும் கழற்றுவேன்.) பெண் பார்க்கப் போன இடத்தில் தரகர் "பையன் சாஃப்ட்வேர்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவர்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கல்யாணமாகி ஒரு மாதத்தில் மாம்பழ சீசன் வந்தது. மாமனார் வீடு புத்தலப்பட்டில், சித்தூர் - திருப்பதி ரோட்டை ஒட்டி. வீட்டுக்கு எதிரே, நூறடி தள்ளி அவருடைய எடை மேடை. பழக்கூழ் ஃபேக்டரிகளுக்குப் போகிற மாங்காய் டிராக்டரெல்லாம் அதில் ஏறி, எடை போட்டு, சீட்டு வாங்கிக்கொண்டுதான் போகும். மேடைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. உள்ளே ஒரு கம்ப்யூட்டர். திரையில் பச்சைப் புல்வெளியும் நீல வானமும் தெரியுமே, அந்தக் காலத்து சிஸ்டம். அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் ரெட்டெம்மா என்ற தெலுங்குக்கார அம்மாள். பன்னிரண்டு வருஷமாக அந்த நாற்காலியில் இருந்தார். ஆளைப் பார்க்காமலே டிராக்டர் சத்தத்தை வைத்து யார் வண்டி என்று சொல்வார்.

மாமனாருக்கு ஒரு சின்ன ஆசை. கொட்டகையில் போடுகிற சீட்டு, வீட்டிலிருக்கும் கம்ப்யூட்டருக்கும் வர வேண்டும். அங்கிருந்து ஃபேக்டரிக்கு அனுப்பிவிடலாம். முன்பு ஒயர் இழுத்திருந்தார்கள். அதை ஒரு முறை எலி கடித்தது, இரண்டு முறை டிராக்டர் அறுத்தது.

"வீட்ல வைஃபை கீது மாப்ளே. அது கொட்டாய் வரைக்கும் வருது, போன்ல பாத்தேன். இந்தக் கம்ப்யூட்டர்தான் அத்த வாங்கிக்க மாட்டேங்குது. உங்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி இல்ல?"

"பத்து நிமிஷ வேலை மாமா" என்றேன்.

அந்தப் பத்து நிமிஷம் சனிக்கிழமை சாயந்தரம் ஆரம்பித்தது. வைஃபை பிடிக்கிற சின்னக் குச்சி ஒன்றை மாமனார் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார். கம்ப்யூட்டரின் முன்பக்கத்து யுஎஸ்பி ஓட்டை இரண்டும் செத்துப் போயிருந்தன. பின்னால் இரண்டு. ஒன்றில் பிரிண்டர், மற்றொன்றில் பச்சை நிறத்தில் விரல்நுனி அளவுக்கு ஏதோ ஒன்று. வேலை நேரம் முடிந்துவிட்டதால் பிரிண்டரைப் பிடுங்கிவிட்டுக் குச்சியைச் செருகினேன். 'புதிய சாதனம் கண்டுபிடிக்கப்பட்டது' என்று கம்ப்யூட்டர் சந்தோஷமாகச் சொன்னது. அதற்கப்புறம் அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை.

குச்சியோடு குட்டி சிடி ஒன்று வந்திருந்தது. சிடி போடுகிற தட்டு வெளியே வர மறுத்தது. என் மனைவி பவானியின் ஹேர்பின்னை வாங்கி, சின்ன ஓட்டையில் குத்தித் தட்டை வெளியே இழுத்தேன். (கைதட்டல் எதிர்பார்த்தேன். பவானி ஹேர்பின்னைத் திருப்பிக் கேட்டாள்.) சிடி சுற்றியது, 'இந்த சிஸ்டத்துக்கு இது ஒத்துவராது' என்று ஆங்கிலத்தில் முகத்தில் அடித்தது. சரி, குச்சியை இயக்குகிற வேறு டிரைவர் சாஃப்ட்வேரை இன்டர்நெட்டிலிருந்து இறக்கலாமென்றால், அந்தக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் கிடையாது. அதற்காகத்தானே இத்தனை பாடும். இந்த எளிய உண்மை உறைக்கவே எனக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது.

மறுநாள் திருப்பதிக்கு பஸ் ஏறினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் பாதிப் பேர் மொட்டை. அவர்களாவது வேண்டிக்கொண்டு அடித்துக்கொண்டவர்கள். எனக்கு வேண்டுதல் இல்லாமலே ஆகப் போகிறது என்று தெரியாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். திருப்பதியில் கம்ப்யூட்டர் கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"அந்த சிஸ்டம் இன்னும் உயிரோட கீதா?"

"இருக்கு சார்."

"அத்த எதுக்கு சார் தொந்தரவு பண்றீங்க?"

இந்த ஒரு கேள்விக்கு அன்றே யோசித்துப் பதில் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. அவர் எங்கேயோ அடியிலிருந்து தூசி படிந்த பழைய மாடல் குச்சி ஒன்றைத் தேடி எடுத்து, அதற்கான டிரைவரையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். கழுத்திலிருந்த அட்டையைப் பார்த்து "கம்பெனில என்ன வேலை?" என்று கேட்டார். "சிஸ்டம்ஸ்" என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அது மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணி. மேடைக்கு முன்னால் ஏழெட்டு டிராக்டர்கள். "பத்து நிமிஷம்" என்று அறிவித்துவிட்டு ரெட்டெம்மாவை நாற்காலியிலிருந்து எழுப்பினேன். இன்று பிரிண்டர் வேண்டும், சீட்டு அடிக்க. ஆகவே அந்தப் பச்சைச் சமாசாரத்தின் மேல் கை வைத்தேன்.

"அதி தீயொத்து சார்" என்றார் ரெட்டெம்மா. அதை எடுக்காதீர்கள் என்று அர்த்தம். எனக்கு அந்த அளவு தெலுங்கு தெரியும்.

"நாக்கு தெலுசு" என்றேன். எனக்குத் தெரியும் என்று அர்த்தம். பழைய பென் டிரைவ், யாரோ மறந்துபோய் விட்டுவிட்டார்கள் என்று எனக்குத் தெரிந்ததாம். பிடுங்கி மேஜை மேல் விட்டெறிந்தேன்.

"சார், அதி லேகபோதே..."

அது இல்லாவிட்டால் என்னவாகும் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினேன். தொழிற்சாலையில் மேனேஜர் என்னிடம் அப்படித்தான் காட்டுவார். வாழ்க்கையில் நானும் ஒரு நாள் யாருக்காவது காட்ட வேண்டுமென்று வைத்திருந்தேன்.

குச்சியைச் செருகினேன். பிரிண்டர் ஓட்டையைக் கொஞ்ச நேரம் பென் டிரைவுக்குக் கடன் வாங்கினேன், டிரைவர் ஏறியது. கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன் (என் சிறப்புத் தகுதி). திரையின் மூலையில் வீட்டு வைஃபை பெயர் மெல்ல எட்டிப் பார்த்தது! பாஸ்வேர்டு போட்டேன், பிடித்துக்கொண்டது. மாமனார் தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு டிராக்டர்காரர்களைப் பார்த்து, "நம்ம மாப்ள. சாஃப்ட்வேர்" என்றார். அந்த அரை நிமிஷம்தான் என் தொழில் வாழ்க்கையின் உச்சம்.

பிறகு எடை போடுகிற புரோகிராமைத் திறந்தேன். சிவப்பாக ஒரு வரி வந்தது. சாவி இல்லையாம். மூடிக்கொண்டது. மறுபடி திறந்தேன். மறுபடி சாவி இல்லை.

சாவி என்றால் ரகசிய எண்ணாக இருக்கும் என்று முடிவு கட்டினேன். தெரிந்த எண்ணையெல்லாம் எங்கெங்கோ அடித்துப் பார்த்தேன். கேபிள்களைப் பிடுங்கி மாட்டினேன். புரோகிராம் கெட்டுப்போய்விட்டது என்றேன். கால் மணி கழித்து, ஹார்டு டிஸ்க் என்றேன். அரை மணி கழித்து, மதர்போர்டு என்றேன். அதற்கு மேல் எனக்குப் பாகங்களின் பெயர் தெரியாது. ரெட்டெம்மா நடுவில் இரண்டு முறை வாயைத் திறந்தார். இரண்டு முறையும் உள்ளங்கை.

வெளியே வரிசை ரோட்டைத் தொட்டுவிட்டது. இருபது டிராக்டருக்குக் குறையாது. வெயில் ஏற ஏற மாங்காய் வாசனை கனத்தது, ஈக்கள் வந்தன. ஹாரன்கள் ஒன்றாகச் சேர்ந்து அலறின. ஒருவர் இறங்கி வந்து, "ஏமய்யா, பண்டு முக்கிபோதுந்தி!" என்று கத்தினார். பழம் அழுகிப்போகிறதாம். இரண்டு பேர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு எடை மேடைக்குப் போனார்கள். சீசனில் போன வண்டி சீசன் முழுக்கத் திரும்பாது என்று மாமனார் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கு அப்போதும் வெட்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது, கம்ப்யூட்டர் மேல்.

"மாமா, இத்தத் தூக்கிக் கடாசிட்டுப் புதுசு வாங்குங்க. இத வச்சிக்கினு ஒண்ணும் பண்ண முடியாது."

மாமனார் ரெட்டெம்மா பக்கம் திரும்பினார். "இன்னா ரெட்டெம்மா, முந்தாநாள் வரைக்கும் ஓடிச்சே?"

ரெட்டெம்மா முந்தானை முனையை எடுத்தார். அதில் ஒரு முடிச்சு. அவிழ்த்தார். உள்ளே அந்தப் பச்சைச் சமாசாரம்.

"இதுதாங்க தாளம் செவி. சாவி. இது இருந்தாதான் புரோகிராம் தொறக்கும். கீழ விழுந்து தொலைஞ்சிடும்னு எட்த்து முடிஞ்சி வச்சேன். சொல்லலாம்னு பாத்தா சாருக்கு அல்லாம் தெலுசு."

வெளியே ஹாரன்கூட நின்றுவிட்டதுபோல எனக்குத் தோன்றியது.

"ஓட்டை ரெண்டுதான் மாமா இருக்கு" என்றேன், மெல்லிய குரலில். "மூணு சாமான் மாட்டணும்."

மாமனார் யோசித்தார். "கரண்டுக்கு ஒண்ண மூணாக்குற கட்ட விக்குதே. அந்த மாதிரி இதுக்கு ஒண்ணும் இல்லியா?"

இருந்தது. பஸ் நிறுத்தத்து மொபைல் கடையிலேயே இருந்தது. 'ஹப்' என்று அதற்குப் பெயர் என்பது எனக்கும் தெரியும். எங்கள் அலுவலகத்தில் அதன் முதுகில் நானே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். மாமனார் போய் வாங்கி வந்தார். ரெட்டெம்மா மூன்றையும் தன் கையாலேயே மாட்டினார். புரோகிராம் சத்தமில்லாமல் திறந்தது.

"மொதல்ல டெஸ்டு சீட்டு ஒண்ணு போட்றேன். வீட்டுக்குப் போவுதா பாக்கணும். சார், மேடை மேல போய் நில்லுங்க."

டிராக்டர்காரர்கள் எல்லோரும் பார்க்க, லாரி ஏறுகிற அந்த இரும்பு மேடையின் நட்ட நடுவில் போய் நின்றேன். வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் பவானி உட்கார்ந்திருந்தாள். மாமனார் அவளுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். வண்டியைச் சரக்கோடு ஒரு முறை, இறக்கிவிட்டுக் காலியாக ஒரு முறை, இரண்டு எடை பதிந்தால்தான் சீட்டு வரும். ரெட்டெம்மா முதல் எடையைப் பதிந்தார். யாரும் இறங்கச் சொல்லாததால் நான் அப்படியே நின்றேன். இரண்டாவதையும் பதிந்தார்.

"நைனா, வந்துச்சு, வந்துச்சு!" என்று போனில் அப்பாவிடம் கத்தினாள் பவானி. "படிக்கிறேன். வண்டி நம்பர் ஒண்ணு. சரக்கு... அல்லுடு." அல்லுடு என்றால் தெலுங்கில் மாப்பிள்ளை. "மொத்த எடை அறுபத்தஞ்சு கிலோ. காலி எடை அறுபத்தஞ்சு கிலோ."

கொஞ்சம் நிறுத்தினாள்.

"நெட்டு சைபர்."

நிகர எடையை எடை மேடையில் எல்லோரும் நெட்டு என்றுதான் சொல்வார்கள். ரெட்டெம்மா சிரிக்கவில்லை, அடுத்த வண்டியைக் கூப்பிட்டார். ஆனால் வரிசையில் கடைசி டிராக்டர் வரை அந்தச் சிரிப்பு போய்ச் சேர்ந்ததை நான் மேடை மேலிருந்தே பார்த்தேன். மாமனார் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு மாமரத்துப் பக்கம் திரும்பி நின்றார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சீட்டை ரெட்டெம்மா லேமினேட் செய்து கொட்டகையில் மாட்டினார். இன்றும் அங்கேதான் இருக்கிறது. வீட்டில் நான் எதைப் பற்றியாவது அரை மணி நேரம் விளக்கினால், பவானி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க, நெட்டு எவ்ளோ?" என்பாள். ஐந்தாவது படிக்கிற என் மகளும் இப்போது கேட்க ஆரம்பித்திருக்கிறாள்.

போன சீசனில் கொட்டகைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அதை மாட்டத் திருப்பதியிலிருந்து ஆள் வந்திருந்தான். நானும் ஊரில்தான் இருந்தேன். சும்மா எட்டிப் பார்க்கலாமென்று உள்ளே போனேன். ரெட்டெம்மா மரியாதையாக எழுந்து, எனக்கு வாசலில் ஒரு நாற்காலி போட்டு, தட்டு நிறைய நறுக்கிய மாம்பழத்தைக் கையில் கொடுத்தார். ஸ்பூன் இல்லை. சாறு முழங்கை வரை வழிந்தது. இரண்டு கையும் பிசுபிசுவென்று ஆகி, அந்த ஆள் வேலையை முடித்துவிட்டுக் கிளம்பும்வரை எதையும் தொட முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

என்ன உபசரிப்பு என்று பவானியிடம் நெகிழ்ந்து சொன்னேன். தட்டை அனுப்பியதே அவள்தானாம்.