ஓய்வெடுத்த மரங்கொத்தி

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. இந்தக் கதைக்கு அது வேண்டாம், தூங்கட்டும். நமக்கு வேண்டியவர் அதே காட்டிலிருந்த மரங்கொத்தி மாசிலாமணி. மரத்தில் பொந்து குடைந்து கொடுப்பது அவர் தொழில். மாசிலாமணி குடைந்த பொந்து என்றால் சாரல் உள்ளே வராது, முட்டை உருளாது. அந்தப் பெயர்தான் அவருக்கு உயிர்.

விடிந்தால் கொத்த ஆரம்பிப்பார், இருட்டினால்தான் நிமிர்வார். நடுவில் ஒரு வாய் தண்ணீர்கூடக் கிடையாது. கழுத்து சும்மா இருக்குமா? ஒருநாள் பிடித்துக்கொண்டது. மேலும் கீழும் ஆடியது. பக்கவாட்டில் திரும்ப மாட்டேன் என்றது.

ஆமை வைத்தியரிடம் போனார். கழுத்து விஷயத்தில் அந்தக் காட்டில் ஆமையை விட்டால் ஆளில்லை.

"வேலைக்கு நடுவுல கழுத்தை உள்ளே இழுத்து வைக்கிறதுண்டா?" என்று கேட்டார் வைத்தியர்.

"எனக்கு அந்த வசதி இல்லீங்களே."

"அப்ப நிறுத்தி நிறுத்திக் கொத்து. அப்பப்பக் கழுத்தை இடமும் வலமும் திருப்பு. இப்போதைக்கு ரெண்டு நாள் ஓய்வு எடு."

வைத்தியர் சொன்ன பேச்சை மாசிலாமணி கேட்டார். அது தப்பில்லை. தேடி வருகிறவர்கள் ஏமாறக் கூடாதே என்று மரத்தில் ஒரு பலகை மாட்டினார் பாருங்கள், அதுதான் தப்பு. 'மாசிலாமணி ஓய்வு' என்று எழுதியிருந்தார்.

முதலில் வந்தவள் கிளி சொர்ணவல்லி. அவள் பொந்து பாதியில் நிற்கிறது, முட்டையோ இன்றா நாளையா என்கிறது. வந்த பதற்றத்தில் காட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள்: 'நம்ம மாசிலாமணி அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார்.' எடுப்பதற்கும் பெறுவதற்கும் உள்ள வித்தியாசத்தை யோசிக்க அவளுக்கு ஏது நேரம்?

சாயங்காலமே பாராட்டு விழா. பந்தல், மைக், நரி தலைமை. மாசிலாமணியைக் கூட்டிவந்து நடுவில் உட்காரவைத்தார்கள்.

"ஐயா, நான் சும்மா ரெண்டு நாள்..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் முதல் மாலை விழுந்தது. அடுத்தடுத்து விழுந்ததில் அலகே மூடிக்கொண்டது.

நரி மைக்கைப் பிடித்தது. "இனிமே பொந்து வேலையையெல்லாம் பக்கத்து மரத்துக் குக்குறுவான் தம்பிக்கே கொடுத்துடலாம். அவரும் மரம் குடையிற பறவைதான். அண்ணனுக்குச் சம்மதம்தானே?"

மாசிலாமணி உயிரைக் கொடுத்து 'இல்லை' என்று தலையாட்டப் பார்த்தார். கழுத்து பக்கவாட்டில் போனால்தானே? மேலும் கீழும்தான் போயிற்று. எல்லோரும் கைதட்டினார்கள். பாவம், மனுஷன் அழுதேவிட்டார். ஆனந்தக் கண்ணீர் என்று அதையும் படமெடுத்துக் குழுவில் போட்டார்கள்.

ஓய்வில் கழுத்து நன்றாகிவிட்டது. இப்போது இரண்டு பக்கமும் ஜோராகத் திரும்புகிறது. வேலைதான் திரும்பி வரவில்லை.

கிளையில் உட்கார்ந்து குக்குறுவானைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவனுக்கும் அதே வலி, அதே ஆமை வைத்தியர். கொஞ்ச நேரம் கொத்துவான், நிறுத்துவான், கண்ணைச் சுருக்கிக் கழுத்தை இடமும் வலமும் திருப்புவான்.

"என்ன தம்பி, நிறுத்திட்டே?" என்று கேட்டாள் சொர்ணவல்லி.

"மரத்தோட ரேகை பார்க்கிறேன்க்கா."

சொர்ணவல்லி சொக்கிப்போனாள். "இதுல்ல வேலை சுத்தம். மாசிலாமணி அண்ணன் ஒருநாளாவது இப்படி நின்னு பார்த்திருப்பாரா?"

நீதி: உழைக்கிற உடம்புக்கு ஓய்வு கட்டாயம் வேண்டும், முகம் மட்டும் யோசிக்கிற மாதிரி இருக்க வேண்டும்.