ரெட்டைப்படையாரின் கூடை

பொய் சொல்லத் தெரியாத வியாபாரி என்று என் எழுபத்தெட்டு வயதில் ஒரே ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவரால் ராசிபுரத்தில் யாருக்கும் நிம்மதி கிடையாது.

யுத்த காலம். எனக்கு வீடு சேலத்தில், குமாஸ்தா வேலை நாமக்கல்லில். சனிக்கிழமை பிற்பகல் பஸ் ஏறி வீட்டுக்குப் போவேன். பெட்ரோல் கிடைக்காததால் அப்போது பஸ்களின் முதுகில் உயரமான இரும்பு அடுப்பைக் கட்டி, கரியை எரித்து, அந்த வாயுவில் ஓட்டினார்கள். ஓட்டினார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. ராசிபுரம் வந்ததும் வண்டிக்கு மூச்சு முட்டிவிடும். டிரைவர் இறங்கிச் சாம்பலைக் கிளறி, கரி போட்டு, காற்றாடியைச் சுற்றி உயிர் கொடுக்க அரை மணி நேரம் ஆகும். கிளறித் தள்ளிய தணலைச் சட்டியில் வாரிக்கொண்டு, புளியமரத்தடியில் எங்கள் பக்கத்தில் கருது என்று சொல்லும் மக்காச்சோளக் கதிரை விற்றவர்தான் ரெட்டைப்படையார். பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது.

மற்றவர்கள் கருதைக் குவித்து வைத்து ஒரே விலை சொல்வார்கள். இவர் ஒவ்வொரு கருதுக்கும் தனி விலை சொல்வார். தோலை உரிக்க மாட்டார். நுனியில் தொங்கும் மயிரை முகர்ந்து, நடுவில் கட்டை விரலால் ஓர் அழுத்து அழுத்தி, தீர்ப்பைச் சொல்லிவிடுவார்.

"இது காலணா. நுனியில புழு இருக்குதுங்க. ரெண்டு விரக்கடை ஒடிச்சுப் போட்டுட்டுத் தின்னுக்குங்க. இது அரையணா. முத்திப் போச்சு. பல்லு ஆடுச்சுன்னா நான் பொறுப்பில்லீங்க. இது முக்காலணா. பாலு இப்பத்தான் கட்டியிருக்குது. சும்மா பாத்துட்டு நிக்காதீங்க, வாங்கறதுன்னா வாங்குங்க."

உரித்துப் பார்த்தால் சொன்னபடியே இருக்கும். புழுகூட அவர் சொன்ன இடத்தில் காத்துக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் பட்டு ஜவுளிக்காரர் ஒருவர் கூடை முழுவதையும் சராசரியாக அரையணா மேனிக்குக் கேட்டார். ரெட்டைப்படையாருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அது நாயமில்லீங்க. புழு விழுந்த கருது, நல்ல கருதோட மரியாதையத் திங்கறதுங்களா?"

"உனக்கு வியாபாரம் பண்ணத் தெரியலைய்யா."

"கருதப் பத்தித் தெரியுமுங்க. அது போதும்."

சில சனிக்கிழமைகளில் விற்கவே மாட்டார். வாங்க வந்தவர்களிடம், "இன்னிக்கு ஒண்ணும் செரியில்லீங்க. வெய்யில்ல பாலு வத்திப் போச்சு. நீங்க ஊட்டுக்குப் போயி மோரு குடிங்க" என்று அனுப்பிவிட்டு, கொண்டுவந்த கூடையை அப்படியே மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு மல்லசமுத்திரத்துக்குத் திரும்பிவிடுவார். அங்கே கிணற்றுப் பாசனத்தில் அவருக்குக் கொஞ்சம் பூமி இருந்தது.

உண்மை பேசுகிறவரிடம் விலை குறைவாக இருக்கும் என்று நினைத்தால் அது நம் தவறு. யுத்தம் முற்ற முற்ற அவர் கருதும் ஏறிக்கொண்டே போனது. காலணாக் கருது அரையணா ஆயிற்று. முக்காலணாக் கருது ஓரணாவைத் தொட்டது. நான் சண்டைக்குப் போனேன்.

"ஏங்க, உங்க வயலுக்கும் யுத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? ஜப்பான்காரன் மல்லசமுத்திரத்திலா குண்டு போட்டான்?"

"ரங்கோன் அரிசி நின்னு போச்சுங்களா? அரிசி கெடைக்காதவன் கம்பு சோளத்துக்கு வாரான். அங்க இருந்தவன் எம்பட கருதுக்கு வாரான். எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் தள்ளிட்டு வந்தா நான் எங்க போறதுங்க சாமி?"

பொருளாதாரம் படித்துப் பி.ஏ. பாஸ் செய்தவன் நான். என்னுடைய பேராசிரியர் இதைச் சொல்ல ஒரு வருஷம் எடுத்துக்கொண்டார்.

இனி அவருடைய பெயர்க் காரணத்துக்கு வருகிறேன். என் குற்றமும் அங்கேதான் இருக்கிறது. கருதை விற்றுவிட்டு, வாங்கியவரிடம் அவர் ஒரு சவால் விடுவார்.

"வரிசைய எண்ணிப் பாருங்க. பன்னண்டு இருக்கும், பதினாலு இருக்கும், பதினாறுகூட இருக்கும். எம்பட கருதுல ஒத்தப்படை வராதுங்க. வந்துச்சுன்னா கூடையோட எடுத்துக்குங்க. அன்னிக்கோட இந்த மரத்தடியில நான் கூடைய எறக்க மாட்டேன்."

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் எண்ணுவார்கள். நெய் வியாபாரிகள் எண்ணினார்கள். நெசவாளர்கள் இழை எண்ணும் கண்ணால் எண்ணினார்கள். பன்னிரண்டும் பதினான்கும்தான் வந்தன. நான் மட்டும் வாராவாரம் தர்க்கம் செய்தேன். இயற்கையில் அப்படி ஒரு விதி இருக்க முடியாது, தற்செயலாக ஒன்றாவது மாறி வரத்தான் வேண்டும் என்று இங்கிலீஷ் கலந்து விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செரிங்க சாமி, எண்ணுங்க" என்பார். எண்ணுவேன். பதினான்கு இருக்கும்.

பஸ் டிரைவர் வாய் சும்மா இராது. "என்னங்க பி.ஏ., இன்னிக்காச்சும் பாஸா?" என்று தணலைக் கிளறிக்கொண்டே கேட்பார். பஸ் முழுவதும் சிரிக்கும். இருபத்து மூன்று வயதில் ஒரு மனிதனால் எதையும் தாங்க முடியும், கருதிடம் தோற்றதைத் தவிர.

அந்தச் சனிக்கிழமை ஓரணாக் கருது ஒன்றை வாங்கிக்கொண்டு பஸ்ஸின் பின் சீட்டுக்குப் போனேன். ஆபீஸில் பென்சில் சீவும் பேனாக்கத்தி பையில் இருந்தது. தோலைச் சுருட்டிவிட்டு, ஒரு வரிசை மணிகளை மேலிருந்து கீழ் வரை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன். மணிகளைத் தின்றுவிட்டேன், தடயம் அழிக்கும் அறிவு எனக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு. பள்ளத்தில் கரித்தூளை அப்பி, இறங்கிப் போய் என் கையாலேயே தணலில் நன்றாகக் கருக்கினேன். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி எண்ணினேன்.

"பதினொன்று!"

டிரைவர் எண்ணினார். பதினொன்று. "அடடா, பி.ஏ. பாஸாயிட்டாருங்கோ!" என்று ஹாரனை அமுக்கினார்.

ரெட்டைப்படையார் கருதை வாங்கிக் கட்டை விரலால் தடவித் தடவி மூன்று முறை எண்ணினார். ஒரு கருதை மனிதன் திருத்தலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. என்னை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. அவர் சந்தேகப்பட்டது கருதை. பிறகு கூடையைத் தூக்கி என் காலடியில் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியைப் பூட்டப் போய்விட்டார். நாற்பது கருதை நாங்கள் பங்கிட்டுத் தின்றோம். டிரைவருக்கு நான்கு.

அடுத்த வாரம் மரத்தடியில் வேறொருவர் இருந்தார். எந்தக் கருதை எடுத்தாலும் ஒன்றேகாலணா. உரித்தால் பாதி பொக்கை, பாதி புழு. கேட்டால், "உரிச்சதைத் திருப்பி எடுக்கறதில்லீங்க" என்றார். அதற்கடுத்த வாரம் ஒன்றரை அணா. புழு மட்டும் பழைய அளவிலேயே இருந்தது. டிரைவர் ஒரு கடி கடித்துத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்க ஒத்தப்படையால எங்க எல்லாத்துக்கும் புழு."

மூன்றாம் வாரம் என்னால் முடியவில்லை. மல்லசமுத்திரத்துக்குப் போய் விசாரித்து அவர் தோட்டத்தைக் கண்டுபிடித்தேன். தூரத்திலேயே கிளிகளின் சத்தம் கேட்டது. பயிரில் நின்ற கருது எல்லாம் தோல் உரிந்து, சட்டையைக் கழற்றியதுபோல் நின்றன. கிளிகள் பந்தியில் உட்கார்ந்தாற்போல் தின்றுகொண்டிருந்தன. நடுவில் ரெட்டைப்படையார் ஒரு கருதை உரித்து, எண்ணி, விட்டுவிட்டு, அடுத்ததை உரித்துக்கொண்டிருந்தார்.

வரப்பில் நின்ற அவர் மனைவி என்னைக் கண்டதும் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங் சாமி, இந்த மனுசனுக்கு யாரோ என்னமோ பண்ணிப்போட்டாங்க. இன்னொரு ஒத்தப்படை இருக்குதான்னு மூணு வாரமாத் தேடறாரு. காடே போச்சு. கிளிக்குத்தான் பண்ணையம் பண்றோம்."

அவர் நிமிர்ந்தார். "வாங்க சாமி. கெடைக்கலீங்க. எல்லாம் ரெட்டப்படையாத்தான் இருக்குது. அந்த ஒண்ணு எப்படி வந்துச்சுன்னு தெரியலீங்க."

நான் சொன்னேன். பேனாக்கத்தி, கரித்தூள், தின்ற மணிகள் எல்லாவற்றையும் சொன்னேன். அறைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. வரப்பைப் பார்த்துக் கத்தினார்.

"ஏ புள்ள! கருது தப்புப் பண்ணலையாமா! இந்தச் சாமிதான் பண்ணுச்சாமா!"

அந்த அம்மாள் அதற்குப்பின் என்னைச் சொன்ன வார்த்தைகளை வாரப்பத்திரிகையில் அச்சிட மாட்டார்கள். "படிச்ச கைக்கு வேற வேலையில்லீங்களா?" என்பதுதான் அவற்றில் மென்மையானது. ரெட்டைப்படையார் மோர் கொண்டுவரச் சொல்லி, நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"சாமி, எங்கிட்டச் சொன்னது செரி. ஆனா அத்தன சனத்துக்கு முன்னாலதானுங்க நான் வாக்குக் குடுத்தேன். வாற சனிக்கெழம பஸ்ஸு நிக்கறப்ப அங்க வந்து சொல்லோணும். சொன்னீங்கன்னா எம்பட எடத்துல நான் கூடைய எறக்கீருவேன்."

"கட்டாயம் சொல்கிறேன்" என்றேன்.

சனிக்கிழமை பஸ்ஸில் முன் சீட்டில் என் மேலதிகாரி உட்கார்ந்திருந்தார். சேலத்தில் ஏதோ கல்யாணமாம். குமாஸ்தா ஒருவன் சோளக் கருதில் மோசடி செய்த கதையை அவர் முன்னால் சொல்வதா என்று நாமக்கல்லிலிருந்து ராசிபுரம்வரை யோசித்தேன். சொல்வதில்லை என்று வழியில் எங்கேயோ முடிவாகிவிட்டது.

ராசிபுரத்தில் பஸ் நின்றது. புளியமரத்துக்கு எதிரில், தலையில் கூடையோடு ரெட்டைப்படையார் நின்றிருந்தார். கிளிக்குத் தப்பிய கருதுகளைப் பொறுக்கி வந்திருப்பார். கூடை நிறைந்திருந்தது. நான் பத்திரிகையை விரித்து முகத்தை மூடிக்கொண்டேன். டிரைவர் இறங்கிப் போய், "ஏனுங்க, எறக்குங்களேன்! இத்தன நாளா எங்க போனீங்க?" என்று கேட்டது காதில் விழுந்தது.

"ஒரு சாமி வந்து ஒரு சேதி சொல்லோணும். சொன்னதும் எறக்கறேனுங்க."

"எந்தச் சாமி?"

"அவரே சொல்லுவாருங்க."

பெயரைச் சொல்லியிருக்கலாம். விரலை நீட்டியிருந்தால்கூடப் போதும். அரை மணி நேரமும் அவர் அப்படியே நின்றார். பஸ் கிளம்பும்போது நான் பத்திரிகையைத் தாழ்த்திவிட்டேன். ஏன் என்று தெரியாது. இருவரும் பார்த்துக்கொண்டோம். கூடை அசையாமல், "போயிட்டு வாங்க சாமி" என்பதுபோல் கையை மட்டும் லேசாக உயர்த்தினார்.

ராசிபுரம் வழியில் வராத ஆத்தூருக்கு நான் மாற்றல் எழுதிப் போட்டேன். அயோத்தியாப்பட்டணம் வழியாகப் போய்வர வசதி என்று காரணம் காட்டியிருந்தேன், அதையும் நம்பினார்கள். பல வருஷங்கள் கழித்து விவசாயப் புத்தகம் ஒன்றில், மக்காச்சோளத்தில் மணிவரிசைகள் இரட்டைப்படையிலேயே அமையும் என்று படித்தேன். அதற்கு முன்பே ராசிபுரம் பக்கம் போய் விசாரித்திருந்தேன். அந்த மரத்தடியில் அவர் அப்புறம் உட்காரவே இல்லை என்றார்கள்.

அன்று பஸ்ஸில் இருந்தவர்களில் எவரேனும் இதைப் படிக்கக்கூடும். பிள்ளைகள் படித்தாலும் சரி. அந்தக் கருதில் பன்னிரண்டு வரிசை இருந்தது. ஒன்றை நான்தான் பிடுங்கினேன். அவர் வாக்கில் குற்றமில்லை.

சொல்லிவிட்டேனுங்க. கூடையை இறக்கி வையுங்க, கழுத்து வலிக்கும்.