காற்றுக்காக இடித்த சுவர்

தென்காசி, சனிக்கிழமை.

அன்பு மகன் முகம்மது சலீமுக்கு, வாப்பா கிதிர் முகம்மது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் உம்மாவும் தங்கை சஃப்ரினும் சுகம். ஷார்ஜாவில் நீயும் அவ்வாறே இருக்கத் தொழுகைதோறும் துஆ கேட்கிறோம்.

நேற்று ஜும்ஆ முடிந்து வந்து, சோற்றில் கை வைப்பதற்கு முன், ஹாலில் கிடக்கும் என் பிரம்பு நாற்காலியை மேற்கிலிருந்து கிழக்குப் பார்த்துத் திருப்பிப் போடுவதென்று தீர்மானித்தேன். இந்தக் குடும்பத்தில் இவ்வளவு பெரிய முடிவை நான் தனியாக எடுப்பது இதுவே முதல் தடவை. எடுக்க நேர்ந்த காரணத்தை மூத்த மகனாகிய நீ அறிய வேண்டும்.

எனக்குப் பிரஷர் கூடியிருப்பதைக் கேள்விப்பட்டதும், உடம்புக்கும் மனசுக்கும் இதமாக வீட்டின் உள்பக்கத்தை மாற்றி அமைக்கிற ஜெஸி என்ற பெண்ணை நாகர்கோவிலிலிருந்து அனுப்பி வைத்தாய். அந்தப் பிள்ளை மேல் குறை சொல்ல மாட்டேன். ஹாலுக்கு இளம்பச்சை அடித்தாள், கண்ணைக் குத்திய டியூப்லைட்டை இறக்கினாள், ஜன்னலோரம் ஒரு செடி வைத்து அதைத் தினமும் கொஞ்ச நேரம் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன், அதுவும் என்னைப் பார்த்தது. பிறகு ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள். ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடுவிலிருந்த சுவரருகே புகை அப்படியே நின்றது. “பாத்தீங்களா அங்கிள்? குற்றாலக் காத்து ஜன்னல் வரைக்கும் வந்துட்டு, இந்தச் சுவரால திரும்பிப் போகுது. இத எடுத்துட்டா உங்க பிரஷர் தானா இறங்கும்” என்றாள். நான் வழக்கம்போலக் கண்ணை மூடி யோசித்தேன். சுவருக்கு அப்பால் உன் உம்மா ஒருமுறை செருமினாள். “எடுத்துரும்மா” என்றேன்.

அந்தச் சுவர் என்ன வேலை பார்த்தது என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஹாலில் வழக்கு வரும், அடுக்களையில் உம்மா இருப்பாள், தீர்ப்பை நான் சொல்வேன். அவள் ஒருமுறை செருமினால் சம்மதம். டம்ளரைத் தட்டி வைத்தால் பேச்சை மாற்ற வேண்டும். மிக்சி ஓடினால் வந்தவரை வழியனுப்ப வேண்டும். “கிதிர் பாய் கண்ண மூடிட்டாருன்னா நியாயம் பொறந்துரும்லே” என்று தெருவில் எனக்குப் பேர் வந்தது இந்த ஏற்பாட்டினால்தான். கண்ணை மூடினால் காது நன்றாகக் கேட்கும்.

சுவர் போனது. காற்று வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. காலண்டர் பறந்தது, ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து என் சட்டை நனைந்தது, அடுக்களையில் பொரித்த கருவாடு வாசல் வரைக்கும் போய் ஆள் கூட்டி வந்தது. அதையெல்லாம் ஆரோக்கியம் என்றே பொறுத்துக்கொண்டேன். போன ஞாயிறு நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை; அந்த அதிர்ச்சி இன்னும் தெளியவில்லை. புளியங்குடி எலுமிச்சை மண்டி ஆதம் பாய், தன் மகன் ரபீக்குக்கு சஃப்ரினைக் கேட்டு, ஒரு பை எலுமிச்சங்காயோடு வந்திருந்தார். ஆஸ்பத்திரி மருந்தக வேலையை விடச் சொன்னால் இந்த நிக்காஹே வேண்டாம் என்று சஃப்ரின் காலையிலேயே சொல்லியிருந்தாள். ஆதம் பாய் அதையே கேட்டார்: “பாய், நிக்காஹ்வுக்குப் பொறவும் பொண்ணு வேலைக்குப் போவணும்னு சொல்லுமோ? எங்க வீட்டுல அப்படிப் பழக்கம் இல்ல பாத்துக்கிடுங்க.”

நான் கண்ணை மூடினேன். சத்தமே இல்லை. எப்படி வரும்? உன் உம்மா டீத்தட்டோடு எதிரேயே நிற்கிறாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் சரியாக ஒருமுறை செருமி நிறுத்துவது எப்படி? நானும் கண்ணைத் திறக்கவில்லை. “பாய் தூங்கிட்டியளா?” என்றார் ஆதம் பாய்.

“ஏங்க, கண்ணத் தொறங்க” என்றாள் உம்மா. பிறகு நேராக அவரிடம், “அண்ணே, எம்மவ இவ்வளவு படிச்சது மசாலா டப்பாவுக்கு லேபிள் ஒட்டவா? அவ வேலைக்குப் போவா. சம்மதம்னா டீய எடுங்க. இல்லன்னா எலுமிச்சங்காய எடுங்க” என்றாள்.

ஆதம் பாய் டீயை எடுத்தார். “ஏலக்கா போட்டிருக்கியளோ?” என்று அவளிடமே விசாரித்தார். “நான் யோசிச்சதும் அதேதான்” என்றேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து யார் வந்து என்ன கேட்டாலும் என் கண் தானாக அடுக்களைப் பக்கம் போகிறது. அதை வந்தவர்களும் பார்த்துவிடுகிறார்கள். அதனால்தான் அடுக்களைக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போடும் ஏற்பாடு. தற்காலிகமாகத்தான். சுவரைத் திரும்ப எழுப்பக் கொத்தனார் இசக்கிமணியை வரச் சொல்லியிருக்கிறேன். செலவு உன்னுடையது. ஜெஸியிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும், நல்ல காற்றும், நான்கு பக்கமும் சுவருள்ள வீடும் தருவானாக.

இப்படிக்கு,
வாப்பா.

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டுவதற்குள் இசக்கிமணி வந்தான். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, என் தோளுக்கு மேலே பார்த்து, “அக்கா என்ன சொல்லுதாவ?” என்றான். சுவர் கிடையாது. அந்த இடத்தில் ஊஞ்சல் வருகிறது. நாற்காலி இப்போது அடுக்களையில். சின்ன வெங்காயம் உரிக்க அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது. பிரஷர் பார்த்தேன், இறங்கியிருக்கிறது. நிச்சயத்துக்கு நாள் கேட்டு ஆதம் பாய் உன் உம்மாவின் நம்பருக்குப் பேசினார்.