அக்கி எழுதிய மாப்பிள்ளை

வயிற்றில் வியாதி வந்தால் டாக்டரைத் தேட வேண்டும். முகத்தில் வந்தால் டாக்டர்கள் தாமாகவே வருவார்கள். பஸ்ஸில், டீக்கடையில், சொந்த வீட்டுக்குள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் நான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. விதிகளைக் கரைத்துக் குடித்தவன் என்று பெயர். (குடித்தது உண்மை, ஜீரணமானதா என்பது வேறு.) செங்கோட்டையில் ஒரு பெண்ணைப் பேசியிருந்தார்கள். ஆசிரியர் பயிற்சி முடித்தவள். ஒரு கல்யாண வீட்டில் அவள் யாரையோ பார்த்துச் சிரித்ததை நான் பார்த்திருந்தேன். கட்டினால் அவளைத்தான் என்று அன்றே தீர்மானித்தேன். அவளைக் கேட்கவில்லை. அது அன்றைய நடைமுறையில் இல்லை.

என் நிறம்தான் கவலை தந்தது. முகம் வெளுக்க ஒரு ஸ்நோ டப்பி வாங்கி, சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல் காலையும் மாலையும் அடித்தேன். கொஞ்ச நாளில் வாயைச் சுற்றிச் சிவப்புப் பொரிகள் கிளம்பின. உதட்டை ஒட்டிய மெல்லிய ஓரம் மட்டும் தப்பியது. மருந்துக்கடைக்காரர் புதிதாக வந்த ஒரு களிம்பைக் கொடுத்தார். பூசினேன், மறைந்தது. நிறுத்தினேன், இரட்டிப்பாக வந்தது. மறுபடி பூசினேன். இப்படியே களிம்புக்கு அடிமையானேன்.

பெண் வீட்டார் சீசனுக்குக் குற்றாலம் வருகிறார்கள், அங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்று தகவல் வந்தபோது பொரி உச்சத்தில் இருந்தது. மாமா என் முகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏலே, இது அக்கிலா. களிம்புக்குக் கேக்குமா? வேளார்ட்ட போயி எழுதிட்டு வா."

அக்கிக்குப் பானை வனைகிற வேளார் காவியைக் குழைத்து முகத்தில் எழுதுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் என் வாயைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் வளையம் போட்டுவிட்டு நிபந்தனைகளைச் சொன்னார்.

"தானா உதிர்ற வரைக்கும் தண்ணி படப்பிடாது. வாயத் தொறந்து பேசப்பிடாது. காவி வெடிச்சா பலிக்காது."

விதி என்று வந்துவிட்டால் நான் மீறுகிறவன் இல்லை.

அருவிக்கரையில் பெண்ணின் அப்பா ஈரத்துண்டோடு வந்தார்.

"மாப்பிள குளிக்கலியா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் மாமாவிடம் திரும்பினார்.

"குத்தாலத்துக்கு வந்துட்டுக் குளிக்காம நிக்காரு. ஒடம்புக்கு என்னமும் உண்டுமா அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி, லேசா அக்கி. தண்ணி படப்பிடாது."

"பேசவும் கூடாதோ?"

"பேசவும் கூடாது."

"பொறவு எதுக்குக் கூட்டிட்டு வந்திய?"

அதற்குள் சாரல் கனத்தது. காவி கரைந்து, தாடை வழியாக வெள்ளைச் சட்டையில் இறங்கியது. உயிருள்ள ஆட்டைக் கடித்துவிட்டு வந்தவன் மாதிரி நின்றேன். பெண்கள் பக்கம் சலசலப்பு. அவள் மட்டும் முன்னால் வந்தாள்.

"அக்கின்னா எரியும்லா. உங்களுக்கு எரியுதா?"

எரியவில்லை. அரிப்புகூட இல்லை. அதைச் சொல்லியிருந்தால் இது அக்கியே இல்லை என்று அங்கேயே முடிவாகியிருக்கும். ஆனால் காவி பாதி மிச்சமிருந்தது. காவி இருக்கும்வரை விதியும் அமலில் இருக்கிறதல்லவா? வாயை இறுக மூடிக்கொண்டேன். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

"தொத்து வியாதி, போதாக்கொறைக்கு ஊமை." அவள் அப்பாவின் தீர்ப்பு, அவர்கள் செங்கோட்டை பஸ் ஏறுவதற்குள் எங்கள் காதுக்கு வந்துவிட்டது. மேல்முறையீட்டுக்கு வழியில்லை.

அதன்பிறகுதான் எனக்கு டாக்டர் ஞாபகம் வந்தது. போனதும், முகத்தில் என்னென்ன தேய்த்தேன் என்று கேட்டார். சொன்னேன்.

"ஸ்நோ ஆரம்பிச்சு வச்சிருக்கு, களிம்பு வளத்துவிட்டிருக்கு. எல்லாத்தையும் நிறுத்தும். வெறுந்தண்ணில கழுவும்."

"மருந்து?"

"இதான் மருந்து. மொதல்ல கூடும். பயந்துபோயி திரும்பக் களிம்பத் தொட்டீரு, எங்கிட்ட வராதீரும்."

ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குப் படித்த டாக்டர் தேவைப்பட்டது. முதலில் கூடியது, பிறகு அடங்கியது. ஐப்பசியில் முகம் துடைத்துவிட்டதுபோல் ஆனது. ஆவணியிலேயே அவளைப் புனலூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் எந்தப் பையன் பெண் பார்க்கக் கிளம்பினாலும், "குளிச்சிட்டுப் போலே, வாயத் தொறந்து பேசுலே. தாத்தா மாதிரி நிக்காத" என்பார்கள். உடனே யாராவது முழுக்கதையும் சொல்வார்கள். அவர்கள் கதையில், காவி வழிந்ததும் அந்தப் பெண் அலறிக்கொண்டு ஓடிவிடுகிறாள். அந்த இடத்தில் என் மனைவிக்குச் சிரிப்பு அடங்காது.

அந்தப் பெண் ஓடவில்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்கு நின்றாள். இதைத் திருத்தக்கூடியவன் இந்த வீட்டில் இப்போது நான் ஒருவன்தான். திருத்தியதில்லை.