சொற்பேச்சுக் கேளாத தொலைநோக்கி

"ஏம்மா, அது எங்க போகுது?"

கட்டுப்பாட்டு அறையின் பெருந்திரையில் செம்பட்டு விரித்தாற்போல் ஒளிர்ந்த விண்முகில் மெல்ல ஓரம் நகர்ந்து மறைந்தது. இயக்குநரின் முகம் வெளிறியது.

பின்வரிசையில் வல்லுநர் குழுவினர் மூவர் அமர்ந்திருந்தனர். இயக்குநரின் பதவி மேலும் மூன்றாண்டு நீளுமா, இம்மாதத்தோடு முடியுமா என்பது அவர்கள் கையெழுத்தில் இருந்தது. அவர்கள் கண்குளிரவென்றே அந்த முகிலைத் தேர்ந்து, விண்தொலைநோக்கியைக் காலை முதல் அதன்மேல் நிறுத்திவைத்திருந்தார். அவர் பேசுவதில்லை, மலர்ந்தருளுவார். ஆதலால் ஊழியர் அவருக்கு இட்ட பெயர் திருவாய்.

"காமாக் கதிர் வெடிப்பு சார்!" இயக்கப் பொறியாளர் இருக்கையை விட்டுத் துள்ளி எழுந்தாள். "எங்கேயோ ஒரு நட்சத்திரம் செத்துருக்கு. பல கோடி வருஷம் நடந்து வந்த வெளிச்சம் சார். அதைப் பாக்கத்தான் தானாத் திரும்புது. ஏவினதுலேர்ந்து இதான் முதல் தடவை!"

"சாவுக்கு நேரங்காலம் கிடையாதா? பழைய இடத்துக்கே திருப்பு."

"கொஞ்ச நேரத்துல மங்கிடும் சார்..."

"மங்கட்டுமே. வேற ஒண்ணு சாகாமலா போயிடும்?"

கட்டளை மேலே சென்றது. முகில் திரைக்கு மீண்டது. திருவாய் குழுவை நோக்கி முறுவலித்து முடிப்பதற்குள், கட்டறுத்த கன்று மடிதேடி ஓடுவதுபோலத் தொலைநோக்கி முன்பு கண்ட திசைக்கே ஓடியது.

"என்ன திமிரு! அந்தத் தானாத் திரும்பற வசதியையே நிறுத்தும்மா."

"அதுக்காகத்தானே சார் இதை மேல அனுப்பிச்சோம்?"

"எனக்கே பாடமா?"

நிறுத்தினாள். பாதி வழியில் ஆணை அறுந்த கருவி, போக்கிடம் அறியாது திகைத்து, தன்னைக் காத்துக்கொள்ளக் கண்ணை மூடிக்கொண்டது. திரை இருண்டது.

"என்னங்க, செவப்பா ஒண்ணு இருந்துச்சே, காணோம்?" என்றார் குழுத் தலைவர்.

"மேகமூட்டங்க ஐயா."

"மேகத்துக்கு மேலதானே சுத்துது?"

"இது அதுக்கும் மேல இருக்கற மேகம்."

வானியலில் திருவாய் புகுத்திய ஒரே புதுமை இதுதான். அவர் பொறியாளரின் காதருகே குனிந்தார். "எழுப்பு அதை!"

"மூணு நாளாகும் சார்."

கல்வி கைவிட்ட இடத்தில் கயமை கைகொடுக்கும் அன்றோ?

"போன மாசம் எடுத்த படம் இருக்கில்ல? அதைப் போடு. கீழே 'நேரலை'ன்னு எழுது."

"சார், அது பொய்யி..."

"வேலை வேணுமா, வேணாமா?"

செம்பட்டு மீண்டும் விரிந்தது. திருவாய் கைகூப்பித் திரும்பினார். "சின்னத் தடங்கலுங்க. கருவி கொஞ்சம் முரண்டு பிடிச்சுது, அடக்கிட்டோம். இந்த மையத்துல என்னை மீறி ஒரு அணுவும் அசையாது."

தலைவர் கைதட்டினார். பக்கத்திலிருந்தவரும் தட்டினார். முன்வரிசைக் கிசுகிசுப்பு அனைத்தையும் காதில் வாங்கியிருந்த மூன்றாம் உறுப்பினர், நரைத்த கூந்தலை அள்ளி முடிந்தபடி எழுந்து, பொறியாளரின் தோளில் கைவைத்தார்.

"உங்க நேரலை மாதிரியேதாங்க அந்த வெடிப்பும், சோதிச்சுப் பாக்க நாங்களே அனுப்பின போலி சிக்னல், தொலைநோக்கி தேறிடுச்சு, இந்தப் பொண்ணும் தேறிட்டா."