இருட்டை டார்ச் அடித்துப் பார்ப்பவர்

மூன்றாம் மாடியில் யாரோ சாகக் கிடக்கிறார்கள் என்று குடியிருப்பு முழுவதும் பேச்சு. ஆதாரம் இல்லாமலா? அந்த வீட்டு அழைப்புமணியின் வாயைப் பழைய காலுறையால் அடைத்திருக்கிறார்கள். குக்கர் விசில் கேட்டுப் பல நாளாகிறது. வீட்டுக்காரர் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் படியேறுகிறார். எதிர்வீட்டம்மா சர்க்கரை கேட்கப் போனபோது அவர் கதவைச் சாணளவு திறந்து, உதட்டில் விரல் வைத்து, "இப்பதான் கண்ணை மூடியிருக்கு" என்று சொல்லிச் சாத்திவிட்டாராம். அந்த அம்மாள் சர்க்கரையை மறந்து வீட்டுக்குப் போய், துக்கம் கேட்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்க்கத் தொடங்கிவிட்டார்.

வதந்தி என்று வந்தபின் விசாரிக்காமல் விடலாமா? விசாரித்தாயிற்று. சாகக் கிடப்பவர் யாரும் இல்லை. ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு பல்லி படுத்திருக்கிறது. அதைவிடக் கவலைக்கிடமான நிலையில் பக்கத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார்.

அந்த மனிதரை உங்களுக்குத் தெரியும். அக்கறைக்காரர் என்னும் இனம். விருந்தாளி உட்கார்ந்ததும் "வசதியா இருக்கா?" என்று கேட்டு, அவர் "இருக்கு" என்று சொல்வதற்குள் எழுப்பி, நாற்காலியை மாற்றி, முதுகுக்குத் தலையணை செருகி, மின்விசிறியைக் கூட்டி, அவர் ஒரு தும்மல் போட்டால் குறைத்து, ஒருவழியாகப் படுக்கப் போனவரைத் தோளைத் தட்டி எழுப்பி, "நல்லா தூக்கம் வருதா?" என்று விசாரிப்பவர். கெட்டவரா? சேச்சே. கெட்டவராயிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாமே!

நம் மூன்றாம் மாடிக்காரர் தொழிலால் லிஃப்ட் பரிசோதகர். கட்டடம் கட்டடமாகப் போய், கம்பிவடத்தின் கனத்தை அளந்து, பிரேக்கைத் தட்டி, கதவைத் திறந்து திறந்து மூடி, "சரி" என்று கையெழுத்துப் போடுகிறவர். பார்க்காமல் விட்டது எதுவானாலும் ஒருநாள் கீழே விழும் என்பது அவருடைய வேதவாக்கு. ஒரே மகள் வேலை கிடைத்து வெளியூர் போனபோதும் வேதம் மாறவில்லை. சாப்பிட்டாயா, சாப்பிட்டது செரித்ததா, கதவைப் பூட்டினாயா, பூட்டியதை இழுத்துப் பார்த்தாயா என்று போனில் பரிசோதனை நடந்தது. ஐந்து அழைப்பில் ஒன்றை மகள் எடுப்பாள். அந்த ஒன்றிலும், மற்ற நாலை ஏன் எடுக்கவில்லை என்பதே பேச்சு.

கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அப்பாவின் பிறந்தநாளுக்கு இரண்டு லெபர்ட் கெக்கோக்களை, அதாவது மஞ்சள் உடம்பில் கரும்புள்ளி போட்ட சிறுத்தைப் பல்லிகளை, தனித்தனித் தொட்டியோடு கொண்டுவந்து இறக்கினாள். அடியில் சூட்டு விரிப்பு, சூடு மீறாமலிருக்கத் தெர்மோஸ்டாட், ஒளிந்துகொள்ளப் பொந்து, தண்ணீர்க் கிண்ணம், தீனிக்கு ஒரு டப்பா நிறையப் புழு.

"அப்பா, இது நாய்க்குட்டி இல்லை. புது இடம்னா பயப்படும். கொஞ்ச நாளைக்கு அதை அது பாட்டுக்கு விட்டுடுங்க. தண்ணி வைங்க, புழு வைங்க, வந்துடுங்க. தூக்கக் கூடாது, தடவக் கூடாது, கண்ணாடியைத் தட்டக் கூடாது."

"எனக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும்பா. அதான் பயம்மா இருக்கு. மாசக் கடைசியில பாப்பேன். ஒழுங்கா சாப்பிடலைன்னா ரெண்டையும் என் தோழிகிட்டக் கொடுத்துடுவேன்."

மகள் போனபின் அந்த வீட்டில் இவர் அக்கறைப்பட ஆளில்லை. மனைவியிடம் பட்டுப் பார்த்தார். அவர் பதிலுக்கு ஒரு பார்வை பார்ப்பார், அதோடு சரி. இந்த இரண்டும் போய்விட்டால்?

சுவரில் ஓசியாகக் குடியிருந்த பல்லிகளை வருஷக்கணக்காகத் துடைப்பத்தால் விரட்டி வந்த மனைவிக்கோ ஆற்றாமை. "தானா வர்றதை அடிச்சு விரட்டுன்னீங்க. இதுங்களுக்கு ஹீட்டர் போட்டு உட்கார வெச்சிருக்கீங்க. அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

இரண்டில் பெரியது முதல் நாள் மாலையே வெளியே வந்து, புழுவை ஒரே கவ்வாகக் கவ்வி, உதட்டை நக்கிக்கொண்டு திரும்பிப் போனது. பரிசோதகர் மனசுக்குள் "சரி" என்று கையெழுத்துப் போட்டார். அப்புறம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. சாப்பிட்டவரை யார் கவனிப்பார்கள்? சின்னது பொந்துக்குள் போனது, வரவில்லை. வைத்த புழு வைத்தபடி. வேலை இங்கேதான் ஆரம்பம்.

பொந்துக்குள் இருட்டு போதுமானபடி இருக்கிறதா? சந்தேகம் வந்தால் என்ன செய்வார்? டார்ச் அடித்துப் பார்த்தார். இருட்டைக் காணோம்! கறுப்புத் துணி போர்த்தினார். துணியைத் தூக்கி மறுபடி அடித்தார். அப்போதும் காணோம். தனிமை கிடைக்கிறதா என்று பொந்தையே தூக்கிப் பார்த்தார். சத்தம் தொந்தரவு செய்யுமே என்று குக்கரைத் தடை செய்து, அப்படிக் கிடைத்த பேரமைதியில் கண்ணாடியை விரலால் தட்டி, "சத்தம் ஏதாவது கேட்குதாடா கண்ணு?" என்று கேட்டார். புழுவை இடுக்கியில் பிடித்து மூக்கருகே நீட்டி, "ஆ... ஆ..." என்று தம் வாயைத் திறந்து காட்டினார். பல்லி கண்ணை மூடிக்கொண்டது. சுவர்ப் பல்லிக்கு இல்லாத இமை இதற்கு மட்டும் எதற்கு என்று அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

மனைவிதான் ஒருநாள் கேட்டார். "பெரிசு எப்படிச் சாப்பிடுது?"

"அதுக்கென்ன, வெளுத்துக் கட்டுது."

"அதைப் போய்ப் பார்க்கிறீங்களா?"

"அதான் நல்லா சாப்பிடுதே, எதுக்குப் பார்க்கணும்?"

இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்றாற்போல அந்தப் பேச்சு அப்படியே நின்றது. மனைவி இறங்கிக்கொண்டார். இவருக்குக் கதவு திறக்கவில்லை.

மாசக் கடைசி நெருங்கியது. இந்தப் பல்லிகள் கொழுப்பை வாலில்தான் சேமிக்கும், வால் இளைத்தால் ஆபத்து என்று எங்கோ படித்தார். இளைத்திருக்கிறதா? கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்ல அவர் என்ன சாதாரண ஆளா? அலுவலகப் பையைத் திறந்தார். கம்பிவடம் தேய்ந்திருக்கிறதா என்று கவ்விப் பிடித்து அளக்கும் வெர்னியரை எடுத்தார். பொந்தைத் தூக்கினார். "ஒண்ணுமில்லடா, ஒரே நிமிஷம்" என்று சொல்லி, அந்த எஃகுத் தாடையை வாலில் மாட்டி, அளவு துல்லியமாக இருக்க வேண்டுமே என்று இன்னும் கொஞ்சம் நெருக்கினார்.

வால் கழன்றது.

அறுபட்டது என்று சொல்லக் கூடாது. இதைத்தானே கேட்டாய், நீயே வைத்துக்கொள் என்பதுபோல் பல்லியே கழற்றிக் கொடுத்தது. பல்லி மூலையில் பதுங்க, வால் மட்டும் வெர்னியரிலிருந்து விழுந்து துள்ளு துள்ளு என்று துள்ள, பரிசோதகர் போட்ட அலறலில் கட்டடமே அதிர்ந்தது. எதிர்வீட்டம்மா ஒத்திகை பார்த்த முகத்தோடு ஓடிவந்தார்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு!"

"எத்தனை வயசு?"

"வால்ங்க, வால்!"

அந்த முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் அம்மாள் திரும்பிப் போனார்.

விலங்கு மருத்துவர் பார்த்தார். "காயம் சுத்தமா இருக்கு. வால் மறுபடி முளைக்கும். பழைய அழகு வராது, கொஞ்சம் மொண்ணையா இருக்கும்."

"மருந்து?"

"தேவையில்லை. அடியில காகிதத் துண்டு விரிங்க, சுத்தமா வைங்க, அவ்வளவுதான்."

"எத்தனை தடவை பார்க்கணும், டாக்டர்?"

டாக்டர் வெர்னியர் கதையைக் கேட்டிருந்தார். "நீங்களா? பார்க்கவே கூடாது. அவங்க பார்த்துக்கட்டும்."

மனைவி பார்த்துக்கொண்டார். அதாவது, தண்ணீர் வைத்தார், புழு வைத்தார், அறைக் கதவைச் சாத்தினார், அடுப்படிக்குப் போனார். குக்கர் விசில் அடித்தது. பரிசோதகர் சாத்திய கதவுக்கு வெளியே, இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எப்படி இருக்கு?"

"எனக்கென்ன தெரியும்? நான் பார்க்கலையே."

"பார்க்காம எப்படிடி...?"

"பார்த்துப் பார்த்துத்தானே அவளும் போனா."

"வேலைக்குப் போனா!"

"வேலைக்குத்தான். அதே வேலை இந்த ஊர்லயும் கிடைச்சுதே. வாலை விட்டுட்டு ஓடலை, அது ஒண்ணுதான் குறை."

பரிசோதகர் அன்று போனைத் தொடவில்லை, மறுநாளும் தொடவில்லை. கையைத்தான் தொடைக்கடியில் வைத்திருந்தாரே!

இரண்டொரு நாளில் மனைவி சின்னதின் புழுக் கிண்ணத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். காலி. இவர் அதை வாங்கி, டார்ச் அடித்துப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதே நேரம் மகளிடமிருந்து போன் வந்தது. அவளாகவே!

"அப்பா, என்னாச்சு? ரெண்டு நாளா ஒரு போன் இல்லை. உடம்பு சரியில்லையா? சாப்பிட்டீங்களா? என்ன சாப்பிட்டீங்க? அம்மாகிட்டக் கொடுங்க!"

"நல்லா இருக்கேம்மா. ரெண்டும் சாப்பிடுது."

"நிஜமாவா? அப்ப உங்ககிட்டயே இருக்கட்டும். வீடியோல காட்டுங்க பாப்போம்."

மனைவி போய்க் காட்டினார். பெரியதை முழுசாக. சின்னதை முகம் மட்டும்.

சிரித்தீர்களா? நல்லது. சிரித்த கையோடு, பக்கத்து அறையில் படுத்திருப்பவரிடம் "தூங்கிட்டியா?" என்று கேட்காமல் இருக்க முடிந்ததா? கேட்கவில்லை, சும்மா எட்டித்தான் பார்த்தேன் என்கிறீர்களா? நம் பரிசோதகரும் அதைத்தான் சொல்வார். உங்கள் அன்பிலிருந்து தப்பிக்க இதுவரை யார் யார் எதையெதைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார்கள் என்று ஒருதரம் நினைத்துப் பாருங்கள். லிஃப்ட் பரிசோதகர் கணக்கில் ஒரு வால் பாக்கி. மகளிடம் இன்னும் சொல்லவில்லை. மிளகளவு முளைத்திருக்கிறதாம், "நான் பார்க்கலையே" என்ற மனைவி சொன்ன தகவல். உங்கள் கணக்கில் எத்தனை?